சராசரிக் குதிரை

தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கிகளுக்கு எதிரே மஞ்சள் சுண்ணாம்பு அடித்த ஒரு நீளக் கட்டடம் இருந்தது. 'முத்துச் சிப்பி மதிப்பீட்டுக் காரியாலயம்' என்று வாசலில் பலகை. பெயரைப் பார்த்துவிட்டு உள்ளே முத்து குவிந்து கிடக்கிறது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது அறுபத்தொன்றில். அதற்குப் பிறகு பதினோரு வருஷமாக அந்த அலுவலகம் செய்துவந்த ஒரே வேலை, வருஷத்துக்கு ஒரு தரம் 'இந்த ஆண்டும் இல்லை' என்று சென்னைக்கு எழுதிப் போடுவது.

அதைக்கூடச் சும்மா எழுதிவிட முடியாது. வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன முறை ஒன்று இருந்தது. மாசி மாதம் இலாகாப் படகு கடலுக்குப் போய் நாலு கூடை சிப்பி கொண்டுவரும். கண்காணிப்பாளரும் தலைமை எழுத்தரும் உட்பட மூன்று மதிப்பீட்டாளர்கள் தனித்தனி மேசையில் உட்கார்ந்து, ஒருவர் எழுதுவதை ஒருவர் பார்க்காமல், இதில் எத்தனை முத்து தேறும் என்று ஆளுக்கு ஓர் எண்ணைச் சீட்டில் எழுதித் தகரப் பெட்டியில் போடுவார்கள். கண்காணிப்பாளர் பெட்டியைத் திறந்து, மூன்றையும் கூட்டி, மூன்றால் வகுத்து, வந்த எண்ணுக்குக் கீழே வட்ட முத்திரை குத்துவார். எந்த எண் வந்தாலும் முத்துக்குளிப்பு கிடையாது என்பது வேறு விஷயம்.

இவ்வளவும் மார்ச் மாதத்தோடு முடிந்துவிடும். மிச்சம் பதினோரு மாதத்துக்கும் குதிரைதான்.

குதிரையைக் கொண்டுவந்தவர் முன்பிருந்த ஒரு கண்காணிப்பாளர். கிண்டிப் பந்தயம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாதவர். பெட்டி சும்மா கிடக்கிறது, மூன்று பேர் சும்மா இருக்கிறார்கள், மெயில் ரயிலில் சென்னைப் பத்திரிகை வருகிறது, அதில் சனிக்கிழமை ஓடப்போகும் குதிரைகளின் பட்டியலும் வருகிறது. அவருக்கு இது போதுமானதாக இருந்தது. எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று அலுவலகம் மதிப்பிட்டு, சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வாசல் பலகையில் முத்திரையோடு ஒட்ட ஆரம்பித்தது. அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். குதிரை போகவில்லை. அதற்குள் அதற்குக் கோப்பு எண் விழுந்துவிட்டது. கோப்பு எண் விழுந்த காரியத்தை நிறுத்த எந்த அரசாங்கத்திலும் ஏற்பாடு கிடையாது.

ஊரும் அந்தப் பலகையை வெகுவாக நம்பியது. சனிக்கிழமை பத்து மணியிலிருந்தே லாரிக்காரர்களும் உப்புத் தரகர்களும் வாசலில் கூடுவார்கள். மில்லர்புரத்திலிருந்து சைக்கிளிலும் தருவைகுளத்திலிருந்து பஸ்ஸிலும் ஆள் வரும். எதிர்ச் சாரியில் டீக்கடை வைத்திருந்த தாணுலிங்கம் அண்ணாச்சிதான் எண்களை உரக்க வாசிப்பார். நம்பிக்கைக்குக் காரணம் ஒன்றே ஒன்று. பதினோரு வருஷத்தில் அலுவலகம் சொன்ன குதிரை ஒரு தரம்கூட ஜெயித்ததில்லை. பத்துக் குதிரை ஓடும் பந்தயத்தில் எதைத் தொடக்கூடாது என்று முன்கூட்டியே தெரிவது சாமானியமா? எண்ணைக் குறித்துக்கொண்டு, அதை விட்டுவிட்டு, மற்றதில் எதையாவது கட்டுவார்கள். எந்தச் சோசியனும் இத்தனை நாணயமாக நடந்துகொண்டதில்லை.

இந்த அலுவலகத்தில் அம்புரோஸ் தற்காலிகக் கடைநிலை ஊழியன். அறுபத்தொன்றில் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிய குளியாட்களில் அவனும் ஒருவன். முத்துக்குளிப்பு நின்றதும் இங்கே பானையில் தண்ணீர் நிரப்பவும் கோப்பு தூக்கவும் சேர்ந்தான். பதினோரு வருஷமாகத் தற்காலிகமாகவே இருந்தான். நாற்பத்தைந்து வயது முடிவதற்குள் நிரந்தரம் ஆகாதவனை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது விதி. மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி ஆறாம் தேதி அவனுக்கு நாற்பத்தைந்து முடிகிறது. நிரந்தர உத்தரவு டைப் அடித்துக் கண்காணிப்பாளரின் இழுப்பறையில் கிடந்தது. ஒரு கையெழுத்துதான் பாக்கி. அந்த இழுப்பறையைக் கடக்கும்போதெல்லாம் அம்புரோஸ் அதை ஒரு தரம் பார்த்துக்கொண்டு போவான். மூச்சடக்கிக் கடலுக்குள் இருந்தவனுக்கு இனி அந்த மூச்சு கிடையாது. வேறு வேலையும் தெரியாது.

எழுபத்திரண்டு அக்டோபரில் மூன்றாவது மதிப்பீட்டாளர் ஓய்வு பெற்றார். சென்னையிலிருந்து மாற்று ஆள் வரவில்லை. மூன்று சீட்டு இல்லாமல் பெட்டியைத் திறக்கக் கூடாது. கண்காணிப்பாளர் வன்னியபெருமாள் சுற்றுமுற்றும் பார்த்தார். தண்ணீர்ப் பானை அருகே அம்புரோஸ் நின்றான்.

"நீர்தான் மூன்றாவது மதிப்பீட்டாளர். உட்காரும்."

"ஐயா, நான் குதிரையக் கண்ணால கண்டதில்லயே. கோயில்ல சந்தியாகப்பர் சுரூபத்துக்கு அடியில ஒண்ணு நிக்கு. அதும் முன்னங்கால் ரெண்டையும் தூக்குனது தூக்குனபடியே நிக்கு."

"நான் மட்டும் கண்டேனா?" என்றார் வன்னியபெருமாள். அவர் சாதாரணமாகப் பேசினாலும் மேடையில் பேசுவது போலத்தான் இருக்கும். "பார்த்தவன் மதிப்பிட்டால் அதில் பார்த்தது கலந்துவிடும். பாராதவனுக்குத்தான் நடுநிலை வரும். ஒன்றை மட்டும் மனதில் வையும். சீட்டில் என்ன எழுதினாலும், ஏன் எழுதினாய் என்று மதிப்பீட்டாளரைக் கேட்க விதியில் இடமில்லை. மூன்று சீட்டும் சமம். ஆண்டவனே இறங்கி வந்து ஒரு சீட்டு எழுதினாலும் மூன்றால்தான் வகுப்போம்."

மற்ற இருவருக்கும் வழி இருந்தது. வன்னியபெருமாள் கௌரவமான பெயருள்ள குதிரையை எழுதுவார். ராஜா, இளவரசன், ஜெனரல் என்று ஏதாவது இருக்க வேண்டும். நாசரேத்துக்காரரான தலைமை எழுத்தர் தேவபிரசாதம், அன்று காலை பைபிளில் தாம் வாசித்த சங்கீதத்தின் எண்ணில் கடைசி இலக்கத்தில் தொடங்கி, பந்தயத்துக்கு ஓர் எண்ணாக ஏறிக்கொண்டே போவார். அம்புரோசுக்கு ராஜாவும் தெரியாது, சங்கீதமும் மனப்பாடமில்லை. பட்டியலில் ஒவ்வொரு குதிரைக்கு நேரேயும் அது சுமக்க வேண்டிய எடை போட்டிருந்தது. அதைத்தான் பார்த்தான். ஒரு குதிரைமேல் மட்டும் இவ்வளவு பாரம் ஏற்றுகிறான் என்றால் சும்மாவா ஏற்றுவான்? தாங்குகிற பிராணி என்று தெரிந்துதானே ஏற்றுவான்? அதிக எடைக்காரனைத் தேடினான். பட்டியலை எடை வரிசையில்தான் அடுக்குவார்கள் என்பதால் அது எப்போதும் ஒன்றாம் நம்பராகவே இருந்தது. ஆறு சீட்டிலும் ஒன்று என்று எழுதிப் போட்டான்.

பெட்டி திறந்தது. முதல் பந்தயத்துக்குக் கண்காணிப்பாளர் எட்டு, தலைமை எழுத்தர் ஆறு, அம்புரோஸ் ஒன்று. கூட்டினால் பதினைந்து. மூன்றால் வகுத்தால் ஐந்து. "அலுவலகத்தின் கணிப்பு ஐந்தாம் நம்பர் குதிரை" என்று தேவபிரசாதம் எழுதி மை ஒற்றினார்.

அம்புரோஸ் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். "ஐயா, அஞ்சுன்னு நாம மூணு பேருமே எழுதலயே?"

"அதனால்தான் அது பாரபட்சமற்றது," என்றார் வன்னியபெருமாள்.

"எட்டும் ஆறும் ஒண்ணும் வேற வேற குதிரைல்லா. மூணையும் கூட்டி எப்படி..."

"சிப்பியையும் சிப்பியையும் கூட்டவில்லையா? அரசாங்கம் கூட்டும்போது என்ன பொருள் என்று பார்ப்பதில்லை."

அன்று கிண்டியில் ஆறு பந்தயத்தில் நான்கை ஒன்றாம் நம்பர் குதிரைகள் ஜெயித்தன. அலுவலகக் கணிப்பு வழக்கம்போல ஆறிலும் மண்ணைக் கவ்வியது. அடுத்த வாரம் அம்புரோசுக்கு மூன்று சரி, அதற்கடுத்த வாரம் ஐந்து. சீட்டுகளைக் கோப்பில் சேர்க்கிற தேவபிரசாதம் இதைக் கவனித்தார். சிவப்பு மையில் அடிக்கோடு போட்டுக் கண்காணிப்பாளரிடம் வைத்தார்.

டிசம்பர் மாதம் அம்புரோசுக்கு மெமோ வந்தது. மெமோக்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை என்பதால், அதை அவனே தனக்குக் கொண்டுவந்து, அவனே வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

விசாரணை கண்காணிப்பாளர் அறையில் நடந்தது.

"ஏன் ஒன்று என்று எழுதினீர் என்று நான் கேட்கவில்லை," என்று ஆரம்பித்தார் வன்னியபெருமாள். "விதி இடம் தராது. எழுதியது ஏன் சரியாக வந்தது என்று கேட்கிறேன்."

"தெரியாம நடந்துபோச்சு ஐயா."

"ஒரு தரம் நடந்தால் தெரியாமல். மூன்று வாரம் நடந்தால் அது நடத்தை. அலுவலகம் ஒட்டுமொத்தமாக ஒரு முடிவுக்கு வருகிறது. அதில் ஒரு மதிப்பீட்டாளர் மட்டும் தனியே போய்ச் சரியாக இருக்கிறார். மற்ற இருவரும் என்ன இளிச்சவாயர்களா? தவிரவும், இந்தக் கட்டடத்தில் ஒன்றாம் நம்பர் யார்?"

"நீங்கதான் ஐயா."

"அதையாவது தெரிந்து வைத்திருக்கிறீரே." அவர் இழுப்பறையைத் திறந்து நிரந்தர உத்தரவை வெளியே எடுத்து, அம்புரோஸ் பார்க்கும்படி ஒரு தரம் ஆட்டிவிட்டு மறுபடி உள்ளே வைத்தார். "ஆறாம் தேதி சனிக்கிழமை. உமது சீட்டும் அலுவலகக் கணிப்பும் அன்றைக்கு ஒத்துப்போக வேண்டும். போனால் சாயங்காலம் கையெழுத்து."

"மத்தவங்க என்ன எழுதுதாங்கன்னு தெரியாம எப்படி ஐயா ஒத்துப்போவ முடியும்?"

"கட்டுப்பாடு உள்ளவனுக்குத் தானாக வரும்," என்றார் வன்னியபெருமாள்.

அம்புரோசின் மனைவி மெட்டில்டா குசினியில் மீன் ஆய்ந்துகொண்டே இதை முழுக்கக் கேட்டாள். அவளுக்குப் புருஷன்மேல் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது.

"பதினோரு வருசமா தப்பாச் சொல்லுத ஆபீசுல போயி சரியாச் சொல்லிட்டு வந்து நிக்கியளே, உங்களுக்குக் கூறு இருக்கா? அவங்க எப்பமும் தோத்த குதிரையத்தான சொல்லுதாங்க? நீங்களும் தோக்குததையே எழுதிட்டுப் போங்க. அப்பம் ஒத்துப்போயிரும்லா?"

அம்புரோசுக்கு விஷயம் சட்டென்று வெளிச்சமானது. இவ்வளவு லேசான வழி தனக்குத் தோன்றாமல் போனதற்காக வெட்கப்பட்டான்.

ஜனவரி ஆறாம் தேதி விடிந்தது. ஆண்டு ஆய்வுக்காகச் சென்னையிலிருந்து இணை இயக்குநர் வந்திருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, அதைத் தேடும் பழக்கமுள்ளவர். முத்துக் கோப்பைப் பத்து நிமிஷத்தில் மூடிவிட்டுக் குதிரைக் கோப்பை இரண்டு மணி நேரம் பார்த்தார். "பதினோரு ஆண்டு. ஒரு வெற்றிகூட இல்லை. என்ன ஒழுங்கு!" என்று பாராட்டினார்.

அம்புரோஸ் பூசைக்குப் போய்விட்டு வந்து மேசையில் உட்கார்ந்தான். பட்டியலின் அடியில், எல்லாவற்றிலும் குறைந்த எடையோடு, பெயருக்கு ஓடுகிற குதிரை எதுவோ அதைத் தேடினான். பன்னிரண்டு குதிரை ஓடினால் பன்னிரண்டாம் நம்பர், ஒன்பது ஓடினால் ஒன்பதாம் நம்பர். ஆறு சீட்டையும் எழுதினான். எழுதி முடித்ததும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, ஆண்டவரே இன்றைக்கு ஒரு நாளாவது என்னைத் தப்பாக வைத்திரும் என்று மன்றாடினான்.

பெட்டி திறந்தது. முதல் பந்தயத்துக்கு இரண்டு, நான்கு, பன்னிரண்டு, கணிப்பு ஆறு. அடுத்ததற்கு ஒன்று, ஐந்து, ஒன்பது, கணிப்பு ஐந்து. இப்படியே ஆறும் போய் முத்திரை விழுந்தது. தாணுலிங்கம் அண்ணாச்சி வாசலில் வாசித்தார். ஊர் குறித்துக்கொண்டு, அந்த ஆறையும் விலக்கிவிட்டு, நிம்மதியாகக் கலைந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு கப்பல் ஏஜெண்டின் டெலிபோனில் முடிவுகள் வந்தன. முதல் பந்தயம் ஆறாம் நம்பர். இரண்டாவது ஐந்து. அலுவலகம் சொன்ன ஆறு குதிரையும், ஒன்று மாறாமல், வரிசையாக ஜெயித்திருந்தன.

கால் மணி நேரத்தில் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"பதினோரு வருசமா உங்கள நம்பித்தானய்யா இருந்தோம்!" தாணுலிங்கம் அண்ணாச்சி பலகையைத் தட்டிக் கேட்டார். "இந்த ஆறையும் தொடாதிங்கலேன்னு நானே எல்லார்ட்டயும் சொன்னேன். திடீர்னு இப்படிச் சரியாச் சொன்னா நாங்க என்ன செய்வோம்?"

"சொல்லுததுன்னா ஒரே மாதிரிச் சொல்லணும்வே!" என்று பின்னாலிருந்து ஒரு லாரிக்காரர் கத்தினார். பலகைமேல் உப்புக்கல் வந்து விழுந்தது.

உள்ளே அம்புரோஸ் இழுப்பறைக்கு எதிரே நின்றான். வன்னியபெருமாள் சீட்டுகளையும் முடிவுகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

"அலுவலகம் தப்பாக இருந்த நாளெல்லாம் நீர் சரி. அலுவலகம் சரியாக இருந்த ஒரே நாள், ஆறு சீட்டும் தப்பு. ஒரு நாளாவது எங்களோடு இருந்தீரா?"

இழுப்பறை திறக்கவில்லை. மாதா கோயிலில் மணி அடித்தது. அவனுக்கு நாற்பத்தைந்து முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவன் திண்ணையிலேயே கிடந்தான். மெட்டில்டா திட்டவில்லை. அவள் திட்டாமல் இருந்ததுதான் அவனுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. யோசனை சொன்னவள் அவள் அல்லவா. அவள் தன்னையே நொந்துகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை விடுவிப்பு உத்தரவை வாங்க அம்புரோஸ் போனான். வாசலில் கூட்டம் இன்னும் நின்றது. உள்ளே கண்காணிப்பாளர் அறையில் இணை இயக்குநர் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"உமக்கு நிலைமையின் தீவிரம் புரியவில்லை, வன்னியபெருமாள்," என்றார் அவர். "வருஷா வருஷம் முத்து இல்லை என்று எழுதுகிறோம். மேலே இருப்பவர்கள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்? இந்த அலுவலகம் சொல்வது எப்போதும் தப்பாகத்தான் இருக்கும், ஆகவே கடலில் முத்து இருக்கும் என்று. அந்த நம்பிக்கையில்தான் நமக்கு மானியம் வருகிறது. ஆறுக்கு ஆறு சரி என்று சென்னைக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? நாம் சொல்வது உண்மை என்று ஆகிவிடும். முத்து இல்லை என்பது உண்மையானால் அப்புறம் நீர் எதற்கு? நான் எதற்கு?"

தேவபிரசாதம் பெருமூச்சு விட்டார். வன்னியபெருமாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்று மாலைக்குள் இந்த அலுவலகம் அப்பட்டமான தப்பு ஒன்றைச் செய்தாக வேண்டும்," என்றார் இணை இயக்குநர். "முறைப்படி. முத்திரையோடு. பார்த்தவுடனே தப்பு என்று தெரிய வேண்டும். அடுத்த பந்தயம் வரைக்கும் காத்திருக்க முடியாது. என்ன இருக்கிறது மதிப்பிட?"

கதவருகே நின்ற அம்புரோஸ் இருமினான்.

"ஐயா, கோவிச்சுக்கிடாதிங்க. என் வயச மதிப்பிட்டுருங்களேன்."

"உமது வயதா? ஞானஸ்நானச் சர்டிபிகேட் கோப்பிலேயே இருக்கிறதே!"

"இருக்கட்டும் ஐயா. சிப்பியத் திறந்து முத்த எண்ணிக்கிடலாம்னாலும் மூணு சீட்டு போட்டுத்தான பாக்கம்? வேலைய விட்டு நிறுத்துத உத்தரவு இன்னும் என் கையில தரல. அதுவரைக்கும் மூணாவது மதிப்பீட்டாளர் நான்தான்."

இணை இயக்குநர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவனை முதல் தடவையாகப் பார்த்தார். பிறகு பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

மூன்று பேரும் தனித்தனி மேசையில் உட்கார்ந்தார்கள். வன்னியபெருமாள் அம்புரோசை மேலும் கீழும் பார்த்தார். உப்புக் காற்றில் வெந்த முகம், நரைத்த காது மயிர். நாற்பத்தெட்டு என்று எழுதினார். தேவபிரசாதம் சர்டிபிகேட்டைப் பார்த்து நாற்பத்தைந்து என்று எழுதினார். அம்புரோஸ் பேனாவை வைத்துக்கொண்டு சற்று நேரம் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தான். எழுதிப் போட்டான்.

பெட்டியைத் திறந்த வன்னியபெருமாள் துள்ளி எழுந்தார். "இருபத்துநாலா? நாற்பத்தைந்து வயது ஆள் இருபத்துநாலு என்று ஏன் எழுதினீர்?"

"ஏன் எழுதினன்னு கேக்க விதியில எடமில்லன்னு நீங்கதான் ஐயா சொன்னிய," என்றான் அம்புரோஸ் பணிவாக.

தேவபிரசாதம் கூட்டினார். நூற்றுப் பதினேழு. மூன்றால் வகுத்தார். முப்பத்தொன்பது. மீதி வரவில்லை.

இணை இயக்குநர் அந்தத் தாளைக் கையில் எடுத்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "சர்டிபிகேட்டை மேசையில் வைத்துக்கொண்டே ஆறு வருஷம் தப்பாகச் சொல்ல வேறு எந்த அலுவலகத்தால் முடியும்? இதுதான் நம் தரம். முத்திரையைக் குத்தும். பலகையில் ஒட்டும். அப்புறம் அந்த இழுப்பறையைத் திறந்து இவர் உத்தரவில் கையெழுத்துப் போடும். முப்பத்தொன்பது வயது இளைஞரை விதிப்படி வீட்டுக்கு அனுப்ப முடியாது."

வன்னியபெருமாள் கையெழுத்துப் போட்டார். பேனா இரண்டு தரம் கீறியது.

தாணுலிங்கம் அண்ணாச்சி பலகையை வாசித்தார். அம்புரோசையும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாரும் வீட்டுக்குப் போங்கலே. பழைய நெலைக்கு வந்துட்டாங்க."

அம்புரோஸ் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனான். உத்தரவை மெட்டில்டா கையில் வைத்து நடந்ததைச் சொன்னான். அவள் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அழுதாள். பிறகு விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டாள்.

"எனக்கு நாப்பத்திரெண்டு. உங்களுக்கு முப்பத்தொம்பதா? அப்பம் நான் உங்களுக்கு மூணு வயசு மூத்தவளா?"

"ஆபீசுப்படி அப்படித்தான் வருது."

"நல்லாருக்கு ஞாயம். ஆமா, எழுதுததுதான் எழுதுனிய, இருபதுன்னு எழுதலாம், முப்பதுன்னு எழுதலாம். அதென்ன இருபத்துநாலு?"

அம்புரோஸ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அவள் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "உன்னயக் கெட்டுன வயசுளா."

மெட்டில்டா உத்தரவை மடித்து அலமாரிக்குள் மாதா படத்துக்குப் பின்னால் வைத்துப் பூட்டினாள். குசினிக்குள் போய் அடுப்பை ஊதிவிட்டு அங்கிருந்தே சத்தம் கொடுத்தாள்.

"அந்தப் பெட்டிய நாளைக்கும் தொறப்பாங்கன்னா என் பேரையும் போடுங்க. எனக்கு இருபத்தொண்ணு எழுதுங்க."